சிவப்பாகப் பூக்கும் தேயிலை

1

பரமக்குடியிலிருந்து என் மைத்துனர் எழுதும் கடிதங்களில் ஒரு வரி மட்டும் மாறுவதில்லை. "உங்களுக்கென்ன, நாங்கள் காசு கொடுத்துப் போய்ப் பார்க்கிற மலையில் நீங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்." அவர் ஒரே ஒரு முறை கொடைக்கானல் போயிருக்கிறார். இரண்டு நாள் தங்கி, மப்ளர் சுற்றிக்கொண்டு ஏரிக்கரையில் போட்டோ எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு நாளை வைத்துத்தான் என்னுடைய காலத்தை அவர் அளக்கிறார்.

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து பதினான்கு வருஷம். நம் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் வந்தேன். மண்டபம் முகாமில் சில நாள் அடைத்து வைத்து, ஊசி போட்டு, இலங்கைக்குக் கப்பலில் ஏற்றினார்கள். பிறகு ரயில். ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கியபோது எதிரில் நின்றவர் முகம் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். என்னை அழைத்துப் போக வந்தவர் வேறு யாரையோ நான் என்று நினைத்து, ஒரு போஸ்ட்மாஸ்டரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதி தூரம் போய்விட்டார்.

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகிற பாதையில் ஒரு மேட்டில் இருக்கிறது எங்கள் கல்லூரி. கல்லூரி என்றதும் பட்டம் கொடுக்கிற இடம் என்று ஊரில் நினைப்பார்கள். இந்தத் தேசத்தில் விடுதியோடு கூடிய பெரிய பள்ளிக்கூடத்தையும் கல்லூரி என்பார்கள். தலைமை ஆசிரியரை அதிபர் என்பார்கள். நான் அதன் விடுதியில் ஸ்டோர் கீப்பர். அரிசி, பருப்பு, தேங்காய், விறகு இவற்றுக்குப் பொறுப்பு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கு இது நல்ல உத்தியோகம். அதிகம் பேச வேண்டியதில்லை என்பது இன்னொரு வசதி. எனக்குச் சிறு வயதிலிருந்தே பெரியவர்கள் முன்னால் வாய் வராது. மூட்டைகள் பேசுவதில்லை.

2

மைத்துனர் கேட்டதற்காகவே எழுதுகிறேன்: இங்கே இயற்கையை எப்படி அனுபவிக்கிறோம்?

முதலில், அது நம்மை அனுபவிக்கிறது. வைகாசியில் பிடிக்கிற மழை ஆவணி வரை விடாது. துணி காயாது. விடுதி அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, பையன்களின் சட்டைகளைப் புகையில் காயப்போடுவோம். மழைக்காலம் முழுவதும் வகுப்பறையில் கருவாட்டு வாசனை அடிக்கும். புல்லில் நடந்தால் அட்டை ஏறும். காலில் சவுக்காரம் தடவிக்கொண்டுதான் வெளியே போவோம். வகுப்பு நடக்கும்போது பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கரும்பலகையை மறைத்துவிட்டு மறு ஜன்னல் வழியாகப் போகும். ஆசிரியர் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். யாரும் அதை ஓர் அதிசயமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஆனாலும் மழைக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் ஒரு காலம் இருக்கிறது. காலையில் ஸ்டோர் திறப்பதற்கு முன்னால் நான் கல்லூரியைச் சுற்றி ஒரு நடை போவேன். கிழக்கே மலைச்சரிவு முழுவதும் அடுத்த தோட்டத்தின் தேயிலை. வாரி விட்ட தலை மாதிரி இருக்கும். மேற்கே கல்லூரிக்குச் சொந்தமான சிறு காடு. அதில் கேளையாடு என்கிற சின்ன மான் ஒன்று வரும். நாய் குரைப்பது போல் குரைக்கும். முதல் வருஷம் அதை நாய் என்று நினைத்து ஒரு பாத்திரத்தில் சோறு வைத்தேன். மூன்று நாள் வைத்தேன். காகம் தின்றது. வானம் தெளிந்த நாளில் சிவனொளிபாத மலையின் உச்சி தெரியும், எழுதுகோலைக் கூராகச் சீவி வைத்த மாதிரி.

எங்கள் ஊரில் பச்சை என்பது மழை பெய்த பிறகு வருகிற ஒரு செய்தி. கண்மாய்க்குள் கோரை முளைத்தால் பக்கத்து ஊர்க்காரன் கேட்பான், "உங்க பக்கம் பெஞ்சுதா?" என்று. இங்கே வந்த புதிதில் இவ்வளவு பச்சையைப் பார்த்து, யாருக்காவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. இப்போது வெயில் வந்தால்தான் சொல்லத் தோன்றுகிறது.

3

இந்தக் குறிப்பை எழுத வைத்தது அதிபர் பங்களாவுக்குப் பின்னால் நடந்த ஒரு காரியம். அதைச் சொல்வதற்கு வீரையாவைச் சொல்ல வேண்டும்.

வீரையா எங்கள் கல்லூரியின் தோட்டக்காரன். அதற்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவனாக இருந்தான். தேயிலைச் செடியைச் சில வருஷங்களுக்கு ஒரு முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவதற்குப் பெயர் கவ்வாத்து. அங்கே ஒரு நாள், செய்த வேலைக்கு அரைப் பேர்தான் போடுவேன், அரை நாள் சம்பளம்தான் என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா சொன்னாராம். இவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டான். தோட்டத்தில் பேரை வெட்டி, வேலையிலிருந்து விலக்கியதற்கான பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பத்துச்சீட்டு வாங்கினால் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தருகிற லயத்து அறையும் போயிற்று. மனைவி மாரியாயி சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து பறித்தவள். அவள் பேரும் அதோடு வெட்டுப்பட்டது. அதிபர்தான் இரக்கப்பட்டு அவனுக்குத் தோட்டவேலையும், விறகுக் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறையும், மாரியாயிக்கு விடுதிச் சமையலறையில் விறகு சுமக்கிற வேலையும் கொடுத்தார்.

வீரையாவுக்குத் தெரிந்த செடி ஒன்றே ஒன்று. மற்ற எல்லாச் செடிகளையும் அவன் அந்த ஒன்றாகவே பாவித்தான். ரோஜாவை முழங்காலுக்கு வெட்டினான். செம்பருத்தி வேலியின் மேல் ஒரு நீளக் கம்பை மட்டமாகப் பிடித்து, கம்புக்கு மேலே தலை நீட்டியதையெல்லாம் எடுத்தான். மஞ்சள் பூ பூக்கிற ஒரு கொடி இருந்தது; அதை எப்படியோ புதராக்கி இடுப்பு உயரத்தில் நிறுத்திவிட்டான். பார்க்க வருகிறவர்கள் எங்கள் கல்லூரியில் எல்லாம் ஒரே உயரமாக இருப்பதைக் கண்டு, ஒழுங்கான நிர்வாகம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

பெரிய வகுப்புப் பையன்கள் அவனை விடமாட்டார்கள்.

"வீரையாண்ணே, என் தலையும் மட்டம் தப்பி வளந்திருக்கு. கொஞ்சம் தட்டி விடுறீங்களா?"

"குனிங்க தம்பி. உள்ள ஒண்ணும் இல்லாத செடி, ஒரே வெட்டுல போயிரும்."

அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில். தனியாக இருக்கிறார். கண்டிப்பானவர், ஆனால் சத்தம் போட மாட்டார். அவருடைய பங்களாவுக்குப் பின்னால் ஆறு காமெலியாச் செடிகள் இருந்தன. அவருக்கு முன்னால் இருந்த வெள்ளைக்கார அதிபர் நுவரெலியாவில் ஒரு நண்பரிடமிருந்து கன்றாகக் கொண்டுவந்து வைத்தவை. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, தை மாதத்தில் அடுக்கடுக்காகச் சிவப்புப் பூ பூக்கும். அந்த மாதத்தில்தான் பரிசளிப்பு விழா. அதிபர் தாமே பூவைப் பறித்து, பித்தளைத் தட்டில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டு, விழா மேசையில் வைப்பார். வேறு எதையும் அவர் தம் கையால் செய்து நான் பார்த்ததில்லை.

பூ இல்லாத காலத்தில் காமெலியாவைப் பார்த்தால் கொஞ்சம் தடித்த, பளபளப்பான தேயிலை என்றுதான் தோன்றும். இரண்டும் ஒரே குடும்பம் என்று பிறகு விஞ்ஞான ஆசிரியர் சொன்னார்.

4

ஆவணி விடுமுறைக்கு அதிபர் யாழ்ப்பாணம் புறப்பட்டபோது வீரையாவைக் கூப்பிட்டு, பங்களாவுக்குப் பின்னால் பழைய தோட்டக் காலத்திலிருந்து மிஞ்சி நிற்கிற தேயிலை மரமாகிவிட்டது, அதைத் தாழ்த்தி வெட்டிவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். பையன்கள் அதற்குள் ஒளிந்து பீடி குடிக்கிறார்கள் என்பது காரணம்.

வீரையாவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. கல்லூரிக்கு வந்த பிறகு அவனுக்குக் கிடைத்த முதல் சொந்த வேலை அது. கத்தியைத் தீட்டினான். ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, கவ்வாத்துச் சாமி என்று வைத்து, என்னிடம் ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு போய் உடைத்தான். பாதி மூடியை என் மனைவிக்குக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு நாள் பாடுபட்டான்.

மூன்றாம் நாள் என் மகள் சரோஜா ஓடி வந்தாள். அதே கல்லூரியில்தான் படிக்கிறாள், அப்போது பத்தாவது.

"அப்பா, வீரையாண்ணே காமெலியாவ எல்லாம் வெட்டிட்டாரு!"

போய்ப் பார்த்தேன். சரிவில் பழைய தேயிலை முழுவதும் ஒரே மட்டத்தில் வெட்டப்பட்டுச் சுத்தமாக இருந்தது. அதன் கடைசி வரிசையில் ஆறு கட்டைகள், அதே மட்டத்தில். வெட்டு வாய்கள் வழவழவென்று, சரிவாக, தண்ணீர் தங்காதபடி இருந்தன. வீரையா நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"எப்படிங்க ஸ்டோர் ஐயா? இருந்ததுலயே இந்தக் கடைசி ஆறுதாங்க நல்ல சாதி. என்னா மரம்! கத்தி உள்ள போகவே யோசிச்சுது."

அது தேயிலை இல்லை, அதிபரின் காமெலியா என்று சரோஜாதான் சொன்னாள். அவன் கட்டைகளைப் பார்த்தான். பிறகு தரையில் கிடந்த இலைகளில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெட்டிய கிளைகளை விறகுக்குக் கட்ட வந்திருந்த மாரியாயி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதிபர் வந்த அன்று நானும் கூட நின்றேன். வேலைக்காரர்களைக் கூப்பிட்டு விசாரிக்கும்போது ஸ்டோர் கீப்பர் கூட இருப்பது வழக்கம்.

"உனக்குக் கண் இல்லையே?" என்று கேட்டார் அதிபர்.

"இருக்குங்க."

"தை மாசத்திலை சிவப்பாய்ப் பூத்து நிக்கிறது தெரியேல்லையே?"

"தெரிஞ்சுதுங்க. தேயிலையும் வெட்டாம விட்டா பூக்குந்தானுங்களே. வெள்ளையா பூக்கும்."

"இது சிவப்பு."

வீரையா தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஐயா வீட்டுத் தேயில, செவப்பா பூக்கும்னு நெனச்சேனுங்க."

அதிபர் உள்ளே போய்விட்டார். மறுநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "மார்கழி லீவு வரைக்கும் பாப்பம், மாணிக்கம். கட்டையள் துளிர் விட்டால் அவன் இருக்கட்டும். பட்டுப் போச்சுதெண்டால் கணக்கை முடிச்சு அனுப்பிவிடுங்கோ. நான் வேறை ஆளைப் பாத்திருக்கிறன்."

நான் சரி என்றேன். வீரையாவிடம் போய்ச் சொன்னதும் நான்தான்.

"போறதுன்னா எங்க போவ?" என்று கேட்டேன்.

"அதாங்க யோசன. எந்தத் தோட்டத்துலயும் இப்ப புதுப்பேரு பதியிறதில்ல."

"ஊர்ல யாராச்சும்?"

"ஊரே தெரியாதுங்க. திருச்சிப் பக்கம்னு அப்பன் சொல்லும். திருச்சி எம்புட்டுப் பெருசுங்க?"

"பெருசுதான்" என்றேன்.

5

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நீங்க எதுவும் அதிபர்கிட்டப் பேசப் போறீங்களா?"

"நான் என்னத்தைப் பேச?"

"அதான் சொல்றேன். பேசாதீங்க. நம்ம பெர்மிட்டுக்கும் அவரு கையெழுத்துத்தான் போகணும். நடுவுல போயி நிக்காதீங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நாங்கள் இங்கே இருப்பது தற்காலிக வசிப்பு அனுமதியில். நான் வந்தபோது அப்படி ஒன்று இல்லை, பிறகு வந்தது. காலம் முடிவதற்கு முன்னால் கொழும்புக்குப் போய் நீட்டிக்க வேண்டும். இவர் இல்லாமல் விடுதி நடக்காது என்று அதிபர் எழுதிக் கொடுப்பார். இவர் இல்லாமல் விடுதி நன்றாக நடக்கும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கந்தோரில், அதாவது ஆபீசில், நாள் முழுவதும் நிற்க வேண்டும். போன தடவை இருந்த அதிகாரி நல்ல மாதிரியானவர். சிங்களத்தில் கேட்டார், எத்தனை காலமாகத் தற்காலிகமாக இருக்கிறீர்கள் என்று. என் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தம்முடைய வேலையே இன்னும் நிரந்தரமாகவில்லை என்றார். முத்திரை குத்தினார்.

அதனால் வீரையாவின் விஷயத்தில் நான் செய்யக்கூடியது காலை நடையை மாற்றிக்கொள்வது ஒன்றுதான். காட்டுப் பக்கம் போவதை விட்டுவிட்டு, பங்களாவின் பின்புறம் போய்க் கட்டைகளைப் பார்த்தேன். புரட்டாசி முழுவதும் கட்டைகள் கட்டைகளாகவே இருந்தன. பின்னால் இருந்த தேயிலை மட்டும் ஐப்பசி பிறந்ததும் சொல்லி வைத்தாற்போல் துளிர்த்தது. வீரையா ஒவ்வொரு கட்டையின் மேலும் பெரணி இலையைப் போட்டு வெயில் படாமல் மூடினான். பிறகு வெயில் வேண்டுமோ என்று எடுத்தான். சாணி போட்டான். அதற்கு மேல் மறுபடியும் சாணி போட்டான்.

"எரு சூட்டுலயே கருகிப்போயிரும்டா, நிறுத்து" என்று என் மனைவி வேலிக்கு இந்தப்புறம் நின்று சத்தம் போட்டாள்.

"ஒண்ணும் செய்யாம எப்படிங்கம்மா நிக்கிறது?" என்றான் அவன்.

நான் அதுவரையில் இந்தக் கல்லூரியில் பார்த்து ரசித்ததெல்லாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நடக்கிறவை. மூட்டம் வரும், போகும். கேளையாடு குரைக்கும். இந்த ஆறு கட்டைகளைப் பார்ப்பது அப்படி இல்லை. காலையில் கண் விழித்ததும் பல்கூட விளக்காமல் அங்கே கிளம்பிவிடுவேன். ரசிப்பதற்கும் காத்திருப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம் உண்டு என்று எனக்குத் தெரியாது.

ஊரில் இதைத் தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தது. என் அப்பா மிளகாய்க் கொல்லை வைத்திருந்தார். மழை பார்த்து அவர் வாசலில் நிற்கும்போது நான் உள்ளே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். அவர் எதற்கு அத்தனை நேரம் வெறும் வானத்தைப் பார்க்கிறார் என்று நினைப்பேன்.

6

நடுவில் சரோஜாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மைத்துனர் அவளைப் பற்றி எழுதுவதுண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளை ஊருக்கு அழைத்துப் போனோம். கண்மாய்க் கரையில் உட்காரச் சொன்னால், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள். "என்னடி தேடுற?" என்று அவள் அத்தை கேட்டாள். "அட்டை" என்றாள். அட்டை ஏறுவதற்கு அந்தக் கரையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. மறுநாள் கடைக்குப் போய் ஒரு றாத்தல் பாண் கேட்டாள். இங்கே பாண் என்றால் ரொட்டி. கடைக்காரர் சிலோன்காரப் பொண்ணு என்று சொல்லிப் பன் எடுத்துக் கொடுத்தார். ரயிலில் திரும்பும்போது என்னிடம், "உங்க ஊர்ல மரமெல்லாம் ஏன் ஒண்ணோட ஒண்ணு பேசாத மாதிரி தள்ளித் தள்ளி நிக்குது?" என்றாள்.

உங்க ஊர் என்று அவள் சொன்னதை நான் திருத்தவில்லை. சிநேகிதிகளோடு சிங்களத்தில் பேசுகிறாள், ஆசிரியர்களோடு ஆங்கிலத்தில் பேசுகிறாள். தமிழில் பேசும்போது வீரையா மாதிரியே பேசுகிறாள். "இந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை இங்கே பார்ப்பதா அங்கே பார்ப்பதா?" என்பது மைத்துனரின் கேள்வி. அவளுக்குப் படிப்பு முடியட்டும் என்று பதில் எழுதியிருக்கிறேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

7

கார்த்திகைத் தொடக்கத்தில் ஒரு காலை, மூன்றாவது கட்டையின் பக்கவாட்டில் கடுகு அளவில் ஒரு சிவப்பைப் பார்த்தேன். எறும்பு என்று நினைத்து விரலால் தட்டினேன். போகவில்லை.

அதற்குப் பிறகு சீக்கிரமாக நடந்தது. நான்கு கட்டைகள் துளிர்விட்டன. இரண்டு அப்படியே இருந்தன. துளிர் முதலில் சிவந்து, பிறகு வெளுத்து, பச்சைக்கு வந்தது. மார்கழி லீவு தொடங்குகிற வாரத்தில் ஒவ்வொன்றும் விரல் நீளம் வளர்ந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நின்றது. மொத்தமாகப் பார்த்தாலும் ஒரு கைக்குள் அடங்கும். ஆனால் அதுதான் வீரையாவுக்கும் மாரியாயிக்கும் அறை, அடுப்பு எல்லாம்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்ப்பதாக அதிபர் சொல்லியிருந்தார். அன்று மாலை அவருக்கு யாழ்ப்பாண ரயில். நான் முன்னதாகவே போய் நின்றேன். வீரையா வரவில்லை. அவன் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக மாரியாயி வந்து சொன்னாள். தலையில் சும்மாடு இருந்தது. விறகை இறக்கிப் போட்டுவிட்டு நேராக வந்திருந்தாள்.

"நீயே பாரு" என்று காட்டினேன். "நாலு கட்டை வந்திருக்கு."

அவள் முதல் கட்டையின் பக்கத்தில் போய் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"மாரியாத்தா காப்பாத்திட்டாங்க ஸ்டோர் ஐயா. தோட்டத்துக் கோயில்ல முடிஞ்சு போட்டிருக்கேன். ராத்திரியெல்லாம் இந்த மனுசன் ஒரே பொலம்பல். போனா வட்டவளைப் பக்கம் எங்க அண்ணன் இருக்காரு, அவரு லயத்துக் காம்பராவுல ஏற்கனவே ஒம்பது பேரு. அண்ணி வாய் இருக்கே, அது ஒரு பாக்டரி சங்கு. போயி நின்னா மூணாம் நாளு சட்டிய வெளிய வைப்பாங்க. நான் சொன்னேன், சாமி கைவிடாதுன்னு..."

பேசிக்கொண்டே அடுத்த கட்டைக்கு நகர்ந்தாள். அதற்கடுத்ததற்கும் நகர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் கைகளை நான் பார்க்கவில்லை. அவை இரண்டும் முகத்தோடு சம்பந்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, டக் டக் என்று. கை நிறைந்ததும் வலது கை தானாகத் தோளுக்கு மேலே போயிற்று. முதுகில் கூடை இருந்தால் அதில் போட்டிருக்கும். கூடை இல்லாததால் கை அங்கேயே நின்றது.

அப்போதுதான் அவள் பேச்சை நிறுத்தினாள். கையைக் கீழே கொண்டுவந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். மூன்று கட்டைகள் மறுபடியும் வெறும் கட்டைகளாக இருந்தன. நான்காவதில் ஒரே ஒரு துளிர் மிச்சம்.

அவள் ஒரு துளிரை எடுத்துக் கட்டையில் கிள்ளிய இடத்தில் வைத்துப் பார்த்தாள். வாய் திறந்தபடியே இருந்தது. அந்த நேரத்தில் பங்களாவின் பின்கதவு திறந்து அதிபர் படியிறங்கினார். கையில் குடை. மாரியாயி கையை மூடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்ன மாணிக்கம், துளிர் வந்திட்டுதே?"

பெரியவர்கள் கேட்டால் எனக்கு வாய் வராது என்று முன்னமே சொன்னேன். அன்று வந்தது. எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"வந்துருச்சு சார். நல்லா வந்துருச்சு. உள்ள உயிர் இருக்கா இல்லையான்னு சாருக்குக் காட்டுறதுக்காகக் கிள்ளச் சொன்னேன். மாரியாயி, சாருக்குக் காட்டு."

அவள் காட்டவில்லை. என்னைப் பார்த்தாள்.

"காட்டு" என்றேன் மறுபடியும்.

அவள் கையை நீட்டித் திறந்தாள். அதிபர் குனிந்து பார்த்தார். துளிர்கள் எல்லாம் ஒரே நீளத்தில், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, சந்தையில் கட்டு வைத்த மாதிரி இருந்தன. ஒன்றை எடுத்து நகத்தால் நசுக்கினார். ஈரம் வந்தது. முகர்ந்தார். பிறகு கட்டைகளின் பக்கம் போய், கிள்ளிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலாவது கட்டையின் அருகே ரொம்ப நேரம் நின்றார். ஒற்றைத் துளிர் அவருடைய குடையின் நுனிக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"எனக்குக் காட்டுறதுக்கு ஒண்டு போதாதே, மாணிக்கம்?"

என்னிடம் இருந்ததை எல்லாம் முன்பே சொல்லி முடித்திருந்தேன்.

அவர் மாரியாயியின் கையைப் பார்த்தார், அவளுடைய தோளைப் பார்த்தார். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் அசைந்தது. கையிலிருந்த துளிரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உயிர் இருக்குது. வீரையா இருக்கட்டும்" என்றார். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார். "இவவை இந்தப் பக்கம் விடாதேங்கோ."

அதிபர் உள்ளே போன பிறகும் மாரியாயி கையை நீட்டியபடியே நின்றாள். நான் போய் வீரையாவின் கதவைத் தட்டினேன். நடந்ததைக் கேட்டதும் அவன் மனைவியைத் திட்டத் தொடங்கினான். அவன் திட்டத் தொடங்கியதும் அவள் அழத் தொடங்கினாள். பிறகு அவள், "நீ மரத்தையே வெட்டுன ஆளு" என்று சொன்னாள். அவன் அடங்கினான்.

சாயங்காலம் சரோஜா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீங்க சார்கிட்டப் பேசினீங்களாமே?" என்றாள். என் மனைவி எனக்கு மட்டும் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விட்டாள். பெர்மிட்டுக்கான கையெழுத்தை அதிபர் திரும்பி வந்ததும் வழக்கம்போல் போட்டுக் கொடுத்தார்.

இந்தத் தை மாதம் பரிசளிப்பு விழா மேசையில் பித்தளைத் தட்டு இருந்தது. அதில் செம்பருத்தி மிதந்தது. காமெலியா மறுபடி துளிர்த்து முழங்காலைத் தாண்டியிருக்கிறது. பூக்க இன்னும் சில வருஷம் ஆகலாம். வீரையா அதன் பக்கமே போவதில்லை. அதிபர் என்ன சொன்னாலும் மாரியாயிக்கு வழி அதுதான். விறகுக் கொட்டகைக்கும் சமையலறைக்கும் இடையில் வேறு குறுக்குப் பாதை இல்லை. வெறுங்கையோடு திரும்பும்போதெல்லாம், பங்களாவின் மூலை வந்ததும், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று மணிக்கட்டில் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

நேற்று அவள் அப்படிப் போகும்போது ஸ்டோர் வாசலில் நின்றிருந்தேன்.

"என்ன மாரியாயி, குளிரா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க" என்றாள். "இதுங்கள நம்ப முடியலைங்க."